வீட்டுக்கு வீடு நோயாளி

"கொசு மருந்து அடிக்கணும், எல்லாரும் வெளியே வாங்க!" என்று கதவைத் தட்டினான் சுகாதாரத் துறை ஊழியன் யோவாந்திரி. டெங்கு வந்துவிட்டால் எங்கள் சாந்தியாகோ நகரத்தில் வாராவாரம் இந்தப் புகைத் தொல்லைதான்.

"உள்ளே என் மாமனார் இருக்காரு தம்பி. நுரையீரல் வியாதி. புகை பட்டா போயே சேர்ந்துடுவாரு," என்றேன்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அவன் முகம் மாறிவிட்டது. கதவில் ஒட்டியிருந்த வருகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மருந்து அடிக்காமலே நகர்ந்தான்.

அடுத்த வீட்டில் மிர்த்தாவின் அண்ணன் இருமினார். அதற்கடுத்த வீட்டில் யாருடைய சித்தப்பாவோ இருமினார்.

"என்னக்கா தெரு இது, வீட்டுக்கு வீடு நோயாளி!" என்று வருத்தப்பட்டான்.

எல்லாம் ஒரே ஆள்தான். மூலைவீட்டில் தனியாக இருக்கும் எவேலியோ. அவரை நாற்காலியோடு தூக்கி, கொல்லைப்பக்கமாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் கடத்திக்கொண்டிருந்தோம். அந்தப் புகை புகுந்தால் மெத்தையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்குமே என்பதுதான் எங்கள் கவலை.

நாலாவது வீட்டில் எவேலியோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா, மூச்சு முட்டுது. இன்ஹேலர் தலைமாட்டுல இருக்கு. என்னை வீட்ல விட்டுடு."

அலறியடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வீட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது. வாசலில் யோவாந்திரி முதுகிலிருந்து இயந்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தான்.

"முக்கால் மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போகாதீங்க. கதவு திறந்தே கெடந்துச்சு. கூப்பிட்டுப் பார்த்தேன், இருமக்கூட ஆள் இல்ல. உங்க தெருவுலயே நோயாளி இல்லாத வீடு இது ஒண்ணுதான்க்கா."