யார் படிக்கப் போகிறார்கள்?

எங்கள் டீம் லீடுக்கு நாங்கள் வைத்த பெயர் மேதை. எதையும் படிக்காமலே எல்லாம் தெரிந்தவர்.

"ஃபோல்டருக்கு ஃபோல்டர் இது என்னம்மா புராணம்?"

"எந்த ஃபோல்டர் எதுக்கு, எதைத் தொட்டா எது உடையும்னு எழுதி வச்சிருக்கேன் சார்."

"யார் படிக்கப் போறா? நம்ம ஏஐ-யைப் பாரு. யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரல. பார்த்ததுமே புரிஞ்சுக்குது. உனக்குத்தான் எல்லாத்துக்கும் விளக்கம் வேணும். நாளைக்கு கிளையன்ட் வர்றார், இந்தக் குப்பை எதுவும் இருக்கக் கூடாது. மீட்டிங் முடிஞ்சதும் நீயும் வேற டீமுக்குப் போயிடு."

எழுதிவைத்த குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன்.

மறுநாள் கிளையன்ட் முன்னால் மேதை ஏஐ-யைத் திறந்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"என்ன வேணா கேளுங்க சார். எங்க ப்ராஜெக்டே இதுக்கு அத்துப்படி."

"இந்தப் பழைய பில்லிங் ஃபோல்டரை எடுத்துட்டா என்ன ஆகும்?"

பெரிய திரையில் பதில் வந்தது.

'தெரியவில்லை. இந்த ஃபோல்டரில் இருந்த குறிப்பைப் படித்துத்தான் இதுவரை பதில் சொல்லி வந்தேன். நேற்று அதை அழித்துவிட்டார்கள். எழுதியவரைக் கேளுங்கள்.'

கிளையன்ட் நாற்காலியைத் திருப்பினார். "எழுதினவங்க யாரு?"

மேதை திரையில் இருந்ததை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒன்றை முழுதாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான்.