ஒரு பீரியட் தெலுங்கு

மேடம் உள்ளே வந்ததும் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

மருந்துக்குக்கூட ஒரு தமிழ் வார்த்தை இல்லை. கரும்பலகையிலும் தெலுங்கு.

வகுப்பு திருதிருவென விழித்தது. எல்லாம் வருங்கால ஆசிரியைகள். திங்கட்கிழமை பயிற்சிக்காகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள்.

மேடம் ஒவ்வொருவரையும் நோக்கிக் கை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்டார். பதில் சொல்லாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அதையும் சைகையில்தான் சொன்னார்.

முதல் வரிசை சிரித்துக்கொண்டே எழுந்தது. மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. தாரணி எழுந்தாள். அடுத்தது, தாரணியின் பக்கத்தில் உட்காரும் தோழி.

"நீ பேரேமி?"

உன் பேர் என்ன. அவ்வளவுதான் கேள்வி.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் புரிந்தது. வீட்டில் அம்மா திட்டுவதும் கொஞ்சுவதும் அந்த மொழியில்தான். பஸ்ஸில் அம்மாவின் போன் வந்தால் மட்டும், "அப்பறம் பேசறேன்" என்று தமிழில் சொல்லி வைத்துவிடுவாள். வீட்டில் தெலுங்கா என்று கேட்கிறவர்கள் அதோடு விடுவதில்லை. எந்தத் தெரு என்பார்கள்.

அவளும் எழுந்து நின்றாள். புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பில் தமிழ் புரியாமல் நிஜமாகவே அப்படி நின்றவள்தான்.

கடைசியில் மேடம் தமிழுக்கு வந்தார். "எப்படி இருந்துச்சு?"

"அவமானமா இருந்துச்சு மேடம்." தாரணிக்குக் கண் கலங்கிவிட்டது. "சின்னக் கொழந்தைங்க பாவம்."

"வீட்ல வேற பாஷை பேசற கொழந்தை வருஷம் பூரா இப்படித்தான் நிக்குது. உக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அவள் உட்காரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தாரணியே கண் கலங்கும்போது இனி எதற்கு ஒளிக்க வேண்டும் என்றும் இருந்தது.

"நா பேரு மகுடேஸ்வரி," என்றாள், வீட்டில் பேசுகிற மாதிரியே.

மேடம் சிரித்தார். வகுப்பு கைதட்டியது.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "எந்தப் பக்கம்டி உங்க வீடு?"

"காலனி."

கைதட்டிய கைகள் நோட்டைப் புரட்டத் தொடங்கின.

மதியம் மகுடேஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்து, வழக்கம்போல நடுவில் வைத்தாள். தாரணி கேட்காமலே கைவைக்கிற பாக்ஸ். இன்று அவளுக்குப் பிடித்த முட்டைப் பொரியல் வேறு.

"எனக்குப் பசிக்கலடி," என்றாள் தாரணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மகுடேஸ்வரி பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே ஒன்றாம் வகுப்பு.

பாக்ஸை மூடினாள்.

"கொழந்தைங்ககிட்டப் பேரு நான் கேட்டுக்கறேன்," என்றாள் தாரணியிடம்.