துள்ளிய கோடு

"மனிசியா மாடா டொக்டர் இவ? மயக்கம் சரியா ஏற முதல் கத்தி வெச்சிரிக்கீங்க!"

ஒப்பரேஷன் முடிந்தவர்களைக் கண் விழிக்கும் வரை கிடத்தி வைக்கும் அந்தச் சின்ன அறையே அதிர்ந்தது. சுல்பா அங்கேயும் ஒப்பரேஷன் அறையிலும் தாதி. கற்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். அநியாயம் என்று பட்டுவிட்டால், எதிரே நிற்பது யார் எவர் என்று பார்க்கிற ரகமல்ல. நுரைச்சோலை மீனவர் ஒருவரைக் கட்டில் இல்லையென்று நிலத்தில் படுக்க வைத்ததற்கு, "எங்கட ஊர் மனிசன் நிலத்திலயா கெடக்கிற?" என்று போன மாதம் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் அறைக்கே போய்ச் சண்டை போட்டவள்.

இன்று மாட்டிக்கொண்டவர் ஜெமீல். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். கிழக்கிலிருந்து மாற்றலாகி வந்த புதியவர்.

"மெதுவாக் கதைங்க மிஸ்," என்றார் அவர். "வாங்க, வெளியில போய்க் கதைப்பம்."

"ஏன் வெளியில? இவட காதுல உழுந்தா ஒங்கட குட்டு ஒடஞ்சிரும் எண்டா?"

கட்டிலில் சித்தி லெய்லா என்ற பெயருள்ள அந்த நோயாளி கண் மூடிக் கிடந்தார். பித்தப்பையில் கல். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மற்ற முஸ்லிம்களைப் போல மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு விரட்டப்பட்டு வந்து, கற்பிட்டிப் பக்கத்துப் பள்ளிவாசல்துறையில் குடியேறி, வெங்காயத் தோட்டங்களில் முதுகொடியப் பாடுபட்டு நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர்.

அவர் நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டி இன்னும் இருந்தது. மயக்கத்தில் கிடப்பவரின் மூளை வலியை உணர்கிறதா என்று பார்க்க, ஆராய்ச்சிக்கென்று கொழும்பிலிருந்து வந்த புதுக் கருவி அது. வலி தெரியாவிட்டால் திரையில் பச்சைக் கோடு சாதுவாக ஓடும். தெரிந்தால் துள்ளும்.

ஒப்பரேஷன் முடிந்ததும் சித்தி லெய்லாவின் இமைகள் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்தவள் சுல்பாதான். கண்ணோரம் ஈரமாக இருந்தது. சந்தேகப்பட்டுத் திரையில் பதிவாகியிருந்ததைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் கோடு உச்சி வரை துள்ளியிருந்தது. கொதித்துப் போனாள். கொதிக்காமல் இருக்க அவளுக்கென்ன கல் நெஞ்சா?

"அசைய ஏலாம, கத்த ஏலாம, ஒரு உம்மா கெடந்து அழுதிரிக்கா. நீங்க பாத்துட்டு நிண்டிரிக்கீங்க. ஒரு மந்திரிட பொஞ்சாதிக்கு இப்புடிச் செய்வீங்களா?"

"மிஸ், தயவுசெஞ்சி இவக்கு முன்னால வேணாம்..."

"கேக்கப் பாக்க ஆளில்லாத அகதிப் பொம்புளதானே எண்டு நெனச்சிட்டீங்க. இவக்காக நான் கேப்பன்!"

திரையில் கோடு துள்ளியது.

"அந்தா பாருங்க, இன்னும் நோகுது!" சுல்பா திரையைத் தட்டிக் காட்டினாள். "நோவுக்கு மருந்தாவது குடுங்களன்!"

"குடுத்தாச்சி. நல்லாவே குடுத்தாச்சி."

"பொய்! இப்பவே பணிப்பாளர்ட போறன். ஒங்கட வேலய இல்லாமச் செய்யாம உடமாட்டன்."

ஜெமீல் பெருமூச்சு விட்டார். "போங்க, நானும் வாறன். மயக்கம் கொஞ்ச நேரம் கொறஞ்சிட்டு. அது என்ட பிழ. அத நானே சொல்லுவன். ஆனா கோடு துள்ளினது கத்தி வைக்கேக்க இல்ல மிஸ். பெரிய டொக்டர் கை கழுவிட்டு வாற வரைக்கும் நாம சும்மா நிண்டு கதைச்சிட்டு இருந்தமே, அப்ப. ஒருத்தரும் இவவத் தொடவே இல்ல. ஒடன மருந்தக் கூட்டினன். அதுக்குப் பொறகு வெட்டி, கல்ல எடுத்து, தையல் போட்டு முடியிற வரைக்கும் கோடு அசையல்ல."

"தொடாமக் கெடந்த ஆளுக்கு எங்கால நோவு வரும்? ஆருக்குக் கத உடுறீங்க?"

ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டார். குற்றம் செய்தவன் குனியத்தானே செய்வான் என்று சுல்பா நினைத்தாள்.

"மகள்..."

சித்தி லெய்லா கண் திறந்திருந்தார். தொண்டையில் குழாய் விட்டிருந்ததால் குரல் கரகரத்தது. சுல்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க உம்மா, பயப்புடாதீங்க. நொந்ததுதானே?"

"ஓம், நொந்தது."

"கேட்டீங்களா டொக்டர்?" சுல்பா வெற்றியோடு நிமிர்ந்தாள்.

"டொக்டர ஏசாதீங்க மகள். கத்தி நோகல்ல." சித்தி லெய்லா மூச்சு வாங்கிக்கொண்டார். "கண்ணத் தொறக்க ஏலாமக் கெடந்தன். தலமாட்டுல நிண்டு ஆரோ சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாங்க. 'இந்த அகதியள் வந்து முப்பது வருசமாச்சி, போற பாட்டக் காணல்ல. எங்கட தண்ணி, எங்கட பள்ளிக்கூடம், இப்ப எங்கட ஆசுபத்திரிக் கட்டிலும் அதுகளுக்குத்தான்' எண்டு. என்ட புள்ளயள் நாலும் இந்த மண்ணுலதான் பொறந்ததுகள். அதுகளும் அகதியா மகள்?"

சுல்பா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். சித்தி லெய்லா விடவில்லை.

"முகம் தெரியல்ல. குரலத்தான் கேட்டன். இப்ப எனக்காகச் சண்ட புடிச்சதும் அதே குரல்தான்."