பூ வைக்க வந்தவள்

காபித் தட்டோடு வந்த பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா ஸ்ரீமதியைத்தான் பார்த்தாள். இமைக்காத அந்தப் பார்வையிலிருந்து ஸ்ரீமதி கண்ணை விலக்கிக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமைதான் இந்தப் பெண் இலக்கியாவிடம் ஸ்ரீமதி ஒரு மாதத்துக்கான மாத்திரை டப்பாவைக் கொடுத்திருந்தாள்.

சிதம்பரத்தில் ஒரு எச்ஐவி சிகிச்சை மையத்தில் ஸ்ரீமதி மருந்தாளுநர். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்கிறாள். சொந்த ஊரிலேயே மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது ஜனங்கள் ஏன் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. முந்நூறு பேரைக் கேட்டாயிற்று. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம், முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் காரணம். கடலூரிலிருந்து வரும் இலக்கியாவும் அதையேதான் சொன்னாள்.

வெளியில் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. மையத்தில் எல்லோரும் கட்டிக்காக்கும் விதி அது. ஸ்ரீமதி தலையைக் குனிந்துகொண்டு காபியை எடுத்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கமாமே?” என்றாள் இலக்கியாவின் அம்மா லோகநாயகி.

“ஆமாங்க” என்று நெளிந்தான் தம்பி அன்பரசு. “நான் டிராக்டர் கம்பெனியில மெக்கானிக்குங்க. சிதம்பரத்துலேருந்து மாசாமாசம் இங்க கடலூருக்கு மீட்டிங் வருவேன். அப்ப பழக்கம்.”

“இவ ஜெராக்ஸ் கடைய விட்டா வீடு, வீட்ட விட்டா கடைன்னு கெடக்குறவ. எங்க புடிச்சீங்களோ, போங்க!”

கூடமே சிரித்தது. ஸ்ரீமதியால் சிரிக்க முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அந்தப் பிள்ளையைப் பாழுங்கிணற்றில் தள்ளப் பார்க்கிறார்களே என்று நினைத்தாள்.

அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், பயமே இல்லை என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய். சொந்தத் தம்பி என்றதும் அடைத்துக்கொண்டது. ஆனால் மறைத்துக் கட்டிக்கொள்வது வேறு இல்லையா? மறைத்தது தெரிந்தால் இவன் தாங்குவானா?

“நல்ல நேரம் முடியப்போவுது. மாப்ள அக்கா பூ வச்சிடட்டும்” என்றார் பெண்ணின் மாமா சாமிக்கண்ணு. யாரோ மல்லிகைச் சரத்தை ஸ்ரீமதியின் கையில் திணித்தார்கள். நாத்தனார் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு பேச்சு மாறினால் இரண்டு குடும்பமும் தலைகாட்ட முடியாது.

“உள்ள வச்சி பின் குத்தி விடறேன்” என்று இலக்கியாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்னைத் தெரியுதுல்ல?”

“தெரியுதுக்கா.” குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் ஸ்ரீமதியைக் கலக்கியது.

“நான் வாயத் தொறந்தா என் வேலை போயிடும். உன் பேரும் கெட்டுடும். எல்லாம் தெரியும். ஆனா அவன் என் தம்பி.”

கதவு தட்டப்பட்டது. “ஆச்சாம்மா?” என்றது மாமாவின் குரல்.

“தோ வர்றோம்!” என்றாள் ஸ்ரீமதி. பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். “அவனத் தனியா கூப்பிட்டு நீயே சொல்லிடு. அஞ்சு நிமிஷம் தர்றேன். இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

ஒரு நோயாளியை இப்படி மிரட்டுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. விரல்களுக்குள் பூச்சரம் நசுங்கியது.

இலக்கியாவின் கண்கள் நிறைந்தன. அவள் கெஞ்சவில்லை. ஸ்ரீமதியைப் பார்த்துத்தான் பரிதாபப்படுகிறவள் மாதிரி அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பழகுன மொத நாளே அவருகிட்ட சொல்லிட்டேன்க்கா.”

“தெரிஞ்சுமா கட்டிக்கிறேங்கறான்?”

“அவரும் நாலு வருஷமா மாசாமாசம் கடலூர் வந்து மாத்திரை வாங்கிச் சாப்பிடறாருக்கா. உங்ககிட்ட சொல்லத்தான் பயப்படறாரு.”