பெயர் மாற்றாத வண்டி

அருள்தாஸ் அந்த வண்டியை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. அதை முன்பு வைத்திருந்த ஜமால் மாரடைப்பில் இறந்துபோனதால், அவருடைய மச்சான்தான் விற்றுக்கொடுத்தார்.

"ஆர்.சி.ல பேர மட்டும் சீக்கிரம் மாத்திருங்க தம்பி."

"அடுத்த மாசம் மாத்திக்கிறேன் பாய்."

யார்தான் உடனே மாற்றுகிறார்கள்? வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, ஓட்டி வருகிறவரும் அவரே என்று ஊரில் இருந்த கருவிகள் எல்லாம் நம்பின. பங்கில் சார்ஜ் போட நின்றால், "வணக்கம் ஜமால்" என்றது ஒரு குரல். அவனும் தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

அன்று மனைவிக்குக் காய்ச்சல். மகள் ஜெனியை அழைத்துவர அவன் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வண்டியை நிறுத்தியதும் ஸ்பீக்கர் பேசியது.

"ஜமால் வந்திருக்கிறார். மகள் ரிஸ்வானா வெளியே வரலாம்."

கேட் திறந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வண்டியில் அவன் உரித்துப்போடச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு பின்னால் ஏறி, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க இனிமே வரவே மாட்டீங்கன்னு அம்மா சும்மா சொல்லியிருக்காங்க அத்தா."

அருள்தாஸ் ஹெல்மெட்டைக் கழற்றப் போய் நிறுத்திக்கொண்டான். இறங்கச் சொல்வதா, யாரையாவது கூப்பிடுவதா? மூடிவிட்ட கேட் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெனி, "அப்பா, அப்பா" என்று கையை ஆட்டினாள்.

"ஜெனியை அழைக்க யாரும் வரவில்லை" என்றது ஸ்பீக்கர்.

அவன் முதுகில் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது.

"அந்தப் பொண்ணு ஏன் அத்தா உங்கள அப்பான்னு கூப்பிடுது?"