சாக்பீஸ் ரயில்

அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் செபாஸ்டியன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு, வீட்டுச் சிமெண்டுத் தரையில் ரயில் பெட்டி வரைந்துகொண்டிருக்கிறான். வேளாங்கண்ணிக்குப் போகப்போகிற பெட்டி. அவன் மனைவி ரோஸி, மாவு பிசைந்த கையோடு அடுப்படி வாசலில் நின்று பார்க்கிறாள். கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் வெயில் சாக்பீஸால் வரைந்த படுக்கையின் மேல் சதுரமாகக் கிடக்கிறது. அந்த வெயிலில் அவர்களுடைய ஒன்பது வயது அமலி, பிறந்ததிலிருந்தே மடங்காத கால்களை நீட்டிப் படுத்திருக்கிறாள். "கடலு எந்தப் பக்கம் வரும் நைனா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெட்டியின் ஜன்னலை அவன் அங்கேதான் வரைந்திருக்கிறான். "அல்லாம் சரி, கக்கூசுக்கு எப்டி தூக்கினு போவே?" என்கிறாள் ரோஸி. செபாஸ்டியன் கழிப்பறையையும் அதன் கதவையும் வரைகிறான். அந்தக் கதவின் அளவு அவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். மகளைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, மெல்ல நுழைகிறான். "கால் இடிக்குது நைனா." இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பார்க்கிறான். அப்போதும் அவள் குதிகால் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. அவளைப் படுக்கையில் இறக்கிவிட்டு, குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் அந்தக் கோட்டை அழிக்கிறான். ஒரு சாண் தள்ளிப் புதிதாக வரைகிறான். மறுபடியும் அவளைத் தூக்குகிறான். "இப்ப இடிக்கல," என்கிறாள் அமலி. ரோஸி தள்ளி வரைந்த அந்தக் கோட்டையே பார்க்கிறாள். அவள் விரல்களில் மாவு காய்ந்துகொண்டிருக்கிறது.