அசையாத தலை

"என்ன மரீசா, மூளைப் படமெல்லாம் கலங்கலா இருக்கு?" என்றார் பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட்.

"ஸ்கேனருக்குள்ள உங்க குரல்ல ஜோக்கைக் கேட்டதும் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுட்டாங்க, புரொபசர்."

அவருக்கு உள்ளூரப் பெருமை. "படத்தைச் சீராக்குற ஸ்மூத்திங்கைக் கொஞ்சம் கூட்டிப் பாரேன்."

"இதுக்கு மேல கூட்டினா மூளை ஓட்ஸ் கஞ்சி மாதிரி ஆயிடும். தலை ஆடினது ஆடினதுதான்."

"ஒண்ணுகூடவா தேறலை?"

"ஒண்ணே ஒண்ணு பளிச்னு இருக்கு. அந்தத் தலை கடைசிவரை இம்மிகூட அசையலை."

"அடடா! யாரு அந்தத் தங்கம்? இனிமே எல்லா ஸ்கேனுக்கும் அவங்களையே கூப்பிடு!"

மரீசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க மனைவிதான், புரொபசர். 'இன்னைக்காவது புதுசா ஒரு ஜோக் சொல்வார்னு பார்த்தேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."